டயல் செய்வது யார்? கேட்வேயில் சீரியல் போர்ட்டுக்கு அவுட்கோயிங் இணைப்பு

"அவுட்கோயிங் மட்டும்தானே சார் போட்டிருக்கோம், அப்புறம் சர்வர்ல இருந்து மீட்டருக்கு எப்படி கமாண்ட் போகும்?"

இந்தக் கேள்வியைக் கேட்காமல் எனக்கு ஒரு மாதம்கூடப் போனதில்லை. கேட்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. பேனல் வயரிங்கில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள், பிஎல்சி புரோகிராமைத் தூக்கத்தில் எழுதுகிறவர்கள். களத்துக் கருவியைத் தூரத்து சர்வரோடு இணைக்கும் கேட்வே என்ற பெட்டியில், நெட்வொர்க் செட்டிங் பக்கத்தைத் திறந்ததும் மட்டும் ஒரு தடுமாற்றம். அவுட்கோயிங் என்றால் டேட்டா வெளியே போவது, இன்கமிங் என்றால் டேட்டா உள்ளே வருவது என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் வேண்டுமே என்று இரண்டையும் டிக் செய்கிறார்கள். பிறகு, ஏன் சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்யவில்லை என்று கேட்கிறார்கள்.

எனவே அடியிலிருந்தே போவோம்.

போனில் நமக்குத் தெரிந்ததுதான்

அவுட்கோயிங் கால் என்றால் நாம் டயல் செய்த கால். எதிரில் இருப்பவர் எடுத்துவிட்டால் அதன்பின் இரண்டு பேரும் பேசலாம். ரீசார்ஜ் தீர்ந்து இன்கமிங் மட்டும் மிச்சமிருக்கும் சிம்மில் யாராவது கூப்பிட்டால், நாம் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டா இருக்கிறோம்? பதில் பேசத்தான் செய்கிறோம். இன்கமிங், அவுட்கோயிங் என்ற பேச்செல்லாம் லைனை யார் போட்டார்கள் என்பதைப் பற்றியது. லைனில் யார் என்ன பேசினார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நெட்வொர்க் இணைப்பும் அப்படியே. கேட்வே சர்வரை அழைத்தால் அது அவுட்கோயிங். சர்வர் கேட்வேயை அழைத்தால் இன்கமிங். லைன் கிடைத்தபின் பைட்கள் இரு திசையிலும் போகும்.

சீரியல் போர்ட்டுக்கு முகவரி கிடையாது

சீரியல் போர்ட் என்பது பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக வயரில் தள்ளும் வழி. நம் களத்தில் அடிக்கடி பார்ப்பது இரண்டு வகை. ஒன்று ஆர்எஸ்-232. இது 1960-ல் வந்த தரநிலை, இன்னும் சாகவில்லை. ஒன்பது பின் கொண்ட அந்த சாக்கெட்டில், கம்ப்யூட்டர் பக்கத்துக் கணக்குப்படி, 2-ஆம் பின் வாங்கும், 3-ஆம் பின் அனுப்பும், 5-ஆம் பின் கிரவுண்ட். மற்றொன்று ஆர்எஸ்-485. இரண்டு வயரில் பல கருவிகளைக் கோக்கலாம், 1,200 மீட்டர் வரை இழுக்கலாம்.

வேகத்தை 9600, 8-என்-1 என்று எழுதுவார்கள். நொடிக்கு 9600 பிட். ஒரு பைட்டுக்கு 8 டேட்டா பிட், பாரிட்டி (பிழை பார்க்கும் கூடுதல் பிட்) இல்லை, ஒரு ஸ்டாப் பிட். தொடக்கத்தில் ஒரு ஸ்டார்ட் பிட்டும் உண்டு என்பதால் பைட்டுக்கு மொத்தம் 10 பிட். ஆக நொடிக்கு 960 பைட். இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதில் எங்கேயும் "யாருக்கு" என்ற விவரமே இல்லை என்பதைக் கவனியுங்கள். லாரி ஏறும் எடை மேடையின் இண்டிகேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதன் பின்புறத்தில் உள்ள 232 போர்ட் +012340, +012340, +012340 என்று எடையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். கேட்க ஆள் இருக்கிறதா என்ற கவலை அதற்கு இல்லை. திருவிழா மைக்செட்டுக்கு அந்தக் கவலை உண்டா என்ன? கரண்ட் மீட்டரின் குணம் நேர் எதிர். கேட்டால் பதில் சொல்லும். கேட்காவிட்டால் ஆண்டுக்கணக்கில் வாய் திறக்காது.

மைக்செட், வாய் திறக்காத மீட்டர். கட்டுரை முழுக்க இந்த இருவரும் வருவார்கள்.

நடுவில் நிற்கும் பெட்டி

கேட்வே என்பது ஒரு பக்கம் சீரியல் போர்ட்டும் மறுபக்கம் ஈதர்நெட்டோ சிம்மோ உள்ள பெட்டி. சீரியலில் வரும் பைட்களை டிசிபி இணைப்பில் ஏற்றும். டிசிபியில் வருவதைச் சீரியலில் இறக்கும். டிசிபி என்பது அனுப்பிய பைட்கள் வரிசை குலையாமல், விடுபடாமல் மறுமுனை சேர்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளும் விதிமுறை.

டிசிபியில் ஒருவரை அழைக்க இரண்டு விவரம் வேண்டும். ஒன்று ஐபி முகவரி, அது கட்டடம் மாதிரி. இன்னொன்று போர்ட் எண், அது கட்டடத்தில் கதவு எண் மாதிரி, 65535 வரை போகும். இந்தப் போர்ட்டும் சீரியல் போர்ட்டும் ஒன்றல்ல. பெயர்தான் ஒன்று. செட்டிங் பக்கத்தில் "போர்ட் 1" என்று இருந்தால் எந்தப் போர்ட்டைச் சொல்கிறார்கள் என்று ஒரு தடவை நிதானித்துப் பாருங்கள்.

கதவைத் திறந்து வைத்து அழைப்புக்குக் காத்திருப்பவர் சர்வர். தேடிப்போய்க் கதவைத் தட்டுபவர் கிளையன்ட். கேட்வேயை டிசிபி சர்வராக வைத்தால் இன்கமிங், டிசிபி கிளையன்டாக வைத்தால் அவுட்கோயிங். இந்தப் பெட்டிகளைக் கடையில் "சீரியல் டிவைஸ் சர்வர்" என்ற பெயரில் விற்கிறார்கள். சர்வர் என்று பெயர் எழுதிய பெட்டியை கிளையன்ட் ஆக்குவதில் புதியவர்கள் குழம்பினால் குற்றம் அவர்கள் மேல் இல்லை.

பாட் ரேட், அதாவது 9600 போன்ற அந்தச் சீரியல் வேகம் பற்றி ஒரே வரி: கருவிக்கும் கேட்வேக்கும் நடுவில் பொருந்தினால் போதும், சர்வருக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரிய வேண்டியதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சீரியல் கருவிக்கு முகவரி தெரியாது. முகவரி பார்த்து அழைக்கும் வேலையைக் கேட்வே அதன் சார்பில் செய்கிறது. யார் அழைத்தாலும் பேச்சு இரு வழியிலும் நடக்கும்.

நாமே ஏன் டயல் செய்ய வேண்டும்?

பெரிய ஆபீஸில் எக்ஸ்டென்ஷன் போன் இருக்கும். 23-ஆம் எக்ஸ்டென்ஷனிலிருந்து ஒன்பதை அழுத்தி வெளியே யாருக்கும் பேசலாம். எதிரில் இருப்பவர் போனில் ஆபீஸின் போர்டு நம்பர்தான் தெரியும். அவர் தன் போனில் 23 என்று அடித்தால் நம்மைப் பிடிக்க முடியுமா?

ரவுட்டர் செய்வதும் இதுதான். உள்ளே இருக்கும் பல கருவிகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் நிறுத்தும் இந்த ஏற்பாட்டின் பெயர் நாட். உள்ளிருந்து ஒரு இணைப்பு கிளம்பும்போது, யார் எங்கே போனார் என்று ரவுட்டர் தன் அட்டவணையில் ஒரு வரி எழுதிக்கொள்ளும். பதில் வரும்போது அந்த வரியைப் பார்த்துச் சரியான ஆளிடம் கொடுக்கும். வெளியிலிருந்து புதிதாக ஒருவர் வந்து தட்டினால் அட்டவணையில் வரி இருக்காது. வந்தவர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

சொந்த ரவுட்டர் என்றால் "இந்தக் கதவுக்கு வந்தால் இந்தக் கருவியிடம் அனுப்பு" என்று நாமே எழுதி வைக்கலாம். சிம் போட்ட கேட்வேயில் அது நடக்காது, ஏனென்றால் நாட் செய்வது மொபைல் கம்பெனி. சிம்முக்குக் கிடைத்த ஐபியைப் பாருங்கள். 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ அது கம்பெனிக்குள் மட்டும் செல்லும் முகவரி. 100.64-ல் தொடங்கும் அந்த வரிசையை இதற்கென்றே 2012-ல் ஒதுக்கினார்கள். அந்த முகவரியை வைத்துக்கொண்டு வெளியிலிருந்து கேட்வேயைப் பிடிக்க எத்தனை நாள் முயன்றாலும் பலன் இல்லை.

அதனால்தான் திசையைத் திருப்புகிறோம். வெளி முகவரி உள்ள சர்வர் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். காட்டில் கிடக்கும் கேட்வே அதற்கு டயல் செய்யும்.

நிரப்ப வேண்டிய கட்டங்கள்

பெட்டிக்குப் பெட்டி பெயர் மாறும், விஷயம் மாறாது. போக வேண்டிய முகவரி, போக வேண்டிய போர்ட் எண், டிசிபியா யுடிபியா (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் விதிமுறை), எந்தச் சீரியல் போர்ட்டுக்கு. முகவரியாக ஐபி எண்ணுக்குப் பதில் பெயரைக் கொடுத்தால் டிஎன்எஸ் செட்டிங்கும் சரியாக இருக்க வேண்டும். பெயரை எண்ணாக மாற்றித் தரும் டைரக்டரிதான் டிஎன்எஸ். நான் எப்போதும் பெயரைத்தான் கொடுப்பேன். சர்வரை இடம் மாற்றும் நாளில் முப்பது பெட்டிகளுக்கு ஊர் ஊராகப் போக எனக்குத் தெம்பு இல்லை.

"லோக்கல் போர்ட்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதைத் தொடாதீர்கள், பூஜ்யமாகவே விடுங்கள். நாம் எந்தப் போனிலிருந்து அழைக்கிறோம் என்பது மாதிரி அது. கேட்வே ஒவ்வொரு முறையும் காலியாக இருக்கும் எண் ஒன்றை எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஒரே எண்ணைக் கட்டாயப்படுத்தினால், அறுந்த இணைப்பை உடனே மீண்டும் போட முடியாமல் நிமிடக் கணக்கில் காத்திருக்க நேரலாம். பழைய இணைப்பின் தடம் அழிய டிசிபி அவகாசம் கேட்கும்.

எப்போது டயல் செய்வது?

என் கணிப்பில் பாதி ஊர்ப்பயணங்கள் இந்த ஒரு கட்டத்தால்தான். வழக்கமாக மூன்று தேர்வு இருக்கும். எப்போதும் இணைந்தே இரு. சீரியலில் டேட்டா வந்தால் இணை. டிசிடி, டிஎஸ்ஆர் போன்ற சிக்னல் பின்னில் அசைவு தெரிந்தால் இணை.

இரண்டாவதைப் பார்த்ததும் கை அங்கேதான் போகும். பேச ஏதாவது இருந்தால் மட்டும் லைன் போடு, சிக்கனமாக இருக்கட்டும் என்று தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு மில்லின் பேனல் அறையில் கரண்ட் மீட்டர், ஆர்எஸ்-485, மோட்பஸ். வீட்டு மேஜையில் மீட்டருக்குப் பதில் லேப்டாப்பை வைத்துச் சோதித்தபோது அட்டகாசமாக வேலை செய்தது. டெர்மினலில் நான்கு எழுத்து தட்டினேன், கேட்வே டயல் செய்தது, சர்வரில் எழுத்து விழுந்தது. மில்லுக்குப் போய் மாட்டினால் சத்தமே இல்லை. வயரைத் திருப்பிப் போட்டேன். பாரிட்டியை மாற்றினேன். டெர்மினேஷன் ரெசிஸ்டரைக் கழற்றி மாட்டினேன். மதியச் சாப்பாடு போனது. சாயங்காலம்தான் உறைத்தது: மேஜையில் முதலில் பேசியது நான். மில்லில் முதலில் பேச யாருமே இல்லை.

மோட்பஸ் 1979-ல் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட விதிமுறை. அதில் கேட்பவர் ஒருவர், பதில் சொல்பவர் மற்றவர். பதில் சொல்லும் கருவி தானாக வாய் திறக்கக் கூடாது என்பதே விதி. மீட்டர் கேள்விக்குக் காத்திருந்தது. கேள்வி சர்வரில் தயாராக இருந்தது, ஆனால் அது வந்து சேர லைன் வேண்டும். லைன் போட வேண்டிய கேட்வே, மீட்டர் பேசட்டும் என்று காத்திருந்தது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "எப்போதும்" என்று மாற்றினேன். அடுத்த நிமிடம் வோல்டேஜ் வந்தது.

மைக்செட் வகைக்கு "டேட்டா வந்தால்" என்று வைத்தால் தவறில்லை, பலனும் இல்லை. அது பேசிக்கொண்டே இருப்பதால் இணைப்பும் எப்போதும் இருக்கும். அந்தத் தேர்வு உண்மையில் பொருந்துவது எப்போதாவது தானாகப் பேசும் கருவிக்கு. கார்டு ரீடர், பார்கோடு ஸ்கேனர், அலாரம் பேனல் இந்த ரகம். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. டிசிபி லைன் போட முதலில் மூன்று தடவை தலையாட்டிக்கொள்ள வேண்டும்: வரலாமா, வாங்க, சரி வந்தேன். மொபைல் நெட்வொர்க்கில் இதற்கு அரை நொடி ஆகிறது என்று வையுங்கள். முன்பு போட்ட கணக்கில் அரை நொடிக்கு 480 பைட். அதுவரை வரும் பைட்களைக் கேட்வே சேர்த்து வைக்குமா, வீசிவிடுமா என்பதை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் பார்கோடு மட்டும் காணாமல் போகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இணைப்பு கிடைக்காவிட்டால் எத்தனை நொடிக்கு ஒருமுறை மறுபடி முயல்வது என்றும் ஒரு கட்டம் இருக்கும். ஒரு நொடி என்று வைக்காதீர்கள். சர்வர் விழுந்து எழும்போது எல்லாப் பெட்டிகளும் சேர்ந்து அதை மறுபடி கீழே தள்ளும்.

சுருக்கமாக: கருவி தானாகப் பேசாத ரகம் என்றால் "எப்போதும்" தவிர வேறு வழி இல்லை. தானாகப் பேசும் ரகம் என்றால் எவ்வளவு அடிக்கடி பேசுகிறது என்று பார்த்து முடிவு செய்யலாம்.

பச்சை விளக்கு எரியும், லைன் செத்திருக்கும்

போனில் பேசும்போது எதிர்ப்பக்கம் ரொம்ப நேரம் அமைதியாக இருந்தால் என்ன கேட்போம்? "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" டிசிபி தானாக அப்படிக் கேட்காது. இரண்டு பக்கமும் பேசாமல் இருந்தால் நாள் முழுக்க இணைப்பு இருப்பதாகவே இரண்டும் நம்பிக்கொண்டிருக்கும்.

நாட் அட்டவணையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதில் இடம் குறைவு. பேச்சில்லாத வரிகளை மொபைல் கம்பெனி சில நிமிடங்களிலேயே அழித்துவிடலாம். அழித்துவிட்டேன் என்று பெரும்பாலும் யாரிடமும் சொல்லாது. கேட்வேயின் விளக்கு பச்சையாக எரியும். சர்வரின் திரையிலும் "இணைந்துள்ளது" என்றிருக்கும். நடுவில் பாதை இல்லை.

இதற்குத்தான் கீப்அலைவ். பேச்சில்லாத நேரத்தில் "லைன்ல இருக்கீங்களா" என்று டிசிபி மட்டத்தில் கேட்கும் சிறு பாக்கெட் அது. சீரியல் பக்கம் இறங்காது, கருவிக்குத் தெரியவே தெரியாது. கேட்டுக்கொண்டே இருப்பதால் நாட் அட்டவணையில் வரியும் உயிரோடு இருக்கும். பதில் வராவிட்டால் லைன் செத்தது என்று புரிந்து புதிதாக டயல் செய்யலாம். லினக்ஸில் கீப்அலைவைப் போட்டு எண்ணை மாற்றாமல் விட்டால் முதல் "ஹலோ" இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வரும். சிம் இணைப்புக்கு அது உதவாது. நான் 60 நொடி வைப்பேன். சர்வர் பக்கமும் கீப்அலைவ் வேண்டும். மைக்செட் வகைக் கருவியில் சர்வர் கேட்பது மட்டும்தான் செய்கிறது. கேட்பது மட்டுமே செய்பவருக்கு, எதிராளி போய்விட்டாரா அமைதியாக இருக்கிறாரா என்று தெரிய வழியில்லை.

அதே பக்கத்தில் "ஐடில் டைம்அவுட்" என்று இன்னொன்று இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறையப் பேர். கீப்அலைவ் லைனை வைத்திருக்கப் பார்க்கும். ஐடில் டைம்அவுட் பேச்சில்லை என்றால் லைனை வெட்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டரைக் கேட்கும் இடத்தில் ஐடில் டைம்அவுட்டைப் பத்து நிமிடம் வைத்தால், கேள்வி வரும் நேரத்துக்குக் கேட்வே லைனை வெட்டியிருக்கும். இதுபோன்ற இடங்களில் அதைப் பூஜ்யம் ஆக்கிவிடுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் பூஜ்யம் என்றால் "வெட்டாதே".

பேசுவது யார் என்று சொல்லிவிடுங்கள்

அவுட்கோயிங்கில் ஒரு விலை உண்டு. முப்பது கேட்வேகள் ஒரே சர்வருக்கு டயல் செய்யும்போது, வந்த அழைப்பு எந்த ஊரிலிருந்து என்று ஐபியை வைத்துச் சொல்ல முடியாது. நாட் காரணமாகப் பலர் ஒரே முகவரியோடு வருவார்கள், ஒரே ஆள் நாளுக்கொரு முகவரியோடும் வருவார். எனவே இணைந்ததும் கேட்வே முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். ரிஜிஸ்ட்ரேஷன் பாக்கெட் என்று ஒரு கட்டம் இருக்கும், அங்கே ஒவ்வொரு பெட்டிக்கும் தனிப் பெயர் கொடுங்கள். ஒரு பெட்டியின் செட்டிங்கை அப்படியே இன்னொன்றுக்குக் காப்பி செய்யும்போது இதை மாற்ற மறப்பது எல்லோருக்கும் நேரும். எனக்கும் நேர்ந்திருக்கிறது.

எடை ஏன் சில நேரம் குறைகிறது?

டிசிபி பைட்களை வரிசையாகக் கொண்டுவரும் என்றேன். எத்தனை பைட்களை ஒரு கட்டாகக் கொண்டுவரும் என்று சொல்லவில்லை. இண்டிகேட்டர் +012340 என்று அனுப்பி, வரி முடிந்ததற்கு ஒரு முடிவுக் குறி வைக்கிறது. சர்வரில் அது ஒரே துண்டாக விழலாம். முதலில் +0123, பிறகு 40 என்று இரண்டாகவும் விழலாம். வந்த துண்டையே எடை என்று எடுக்கும் புரோகிராமுக்குப் பன்னிரண்டு டன் லாரி ஒரு கணம் 123 கிலோ. முடிவுக் குறி வரும்வரை சேர்த்து வைத்துப் பிறகு படிப்பதுதான் முறை. கேட்வேயிலும், இந்த எழுத்து வந்தால் அனுப்பு, இத்தனை மில்லி நொடி இடைவெளி வந்தால் அனுப்பு என்று செட்டிங் உண்டு. அது உதவும், உத்தரவாதம் தராது.

சீரியல் வயரில் ஓடும் மோட்பஸ் வடிவமான மோட்பஸ் ஆர்டியுவில் முடிவுக் குறியே கிடையாது. மூன்றரை எழுத்து நேரம் அமைதியாக இருந்தால் வாக்கியம் முடிந்தது என்று பொருள். 9600-ல், எழுத்துக்கு 11 பிட் என்று கொண்டால், சுமார் 4 மில்லி நொடி. மொபைல் நெட்வொர்க்கில் 4 மில்லி நொடி அமைதி எந்தத் திசையில் கரைந்தது என்றே தெரியாது. அதனால் சர்வர் நீளத்தை எண்ணித்தான் படிக்க வேண்டும். இன்னொன்று: ஆர்டியு பைட்களை அப்படியே டிசிபியில் ஏற்றுவது வேறு, மோட்பஸ் டிசிபி வேறு. இரண்டாவதில் முன்னால் 7 பைட் தலைப்பு சேரும், பின்னால் உள்ள 2 பைட் சரிபார்ப்பு எண் போய்விடும், வழக்கமான போர்ட் 502. கேட்வே ஒன்றையும் சர்வர் மற்றொன்றையும் பேசினால், லைன் இருக்கும், பைட்கள் வரும், பதில் மட்டும் வராது.

பூட்டு விஷயம்

வெளியிலிருந்து யாரும் கதவைத் தட்ட முடியாது என்பது அவுட்கோயிங்கின் நல்ல குணம். போகும் டேட்டா மறைந்து போகிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. வெறும் டிசிபியில் எல்லாமே தபால் கார்டு மாதிரி, வழியில் இருப்பவர் படிக்கலாம். டேட்டாவைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ் போட்டால் உறைக்குள் போகும். டிஎல்எஸ் போட்டதும் இணைப்பே வரவில்லை என்றால் கேட்வேயின் கடிகாரத்தைப் பாருங்கள். பேட்டரி இல்லாத பெட்டிகள் பல, கரண்ட் போய் வந்ததும் 1970 ஜனவரி 1 என்று நினைத்துக்கொண்டு எழும். அந்தத் தேதியில் உங்கள் சர்வரின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவே தொடங்கவில்லை. நேரத்தை நெட்வொர்க்கில் வாங்கிக்கொள்ளும் என்டிபியைப் போட்டுவிடுங்கள்.

களத்துக்குப் போகும் முன் ஒரு சோதனை

ஆர்எஸ்-232 போர்ட் என்றால் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. கருவியைக் கழற்றிவிட்டு, கேட்வேயின் சாக்கெட்டில் 2, 3 பின்களை ஒரு சின்ன வயரால் சேர்த்துவிடுங்கள். அனுப்புவது அப்படியே அதன் காதிலேயே விழும். சர்வர் பக்கம் நெட்கேட் போன்ற ஒரு சின்ன புரோகிராமை, கேட்வே டயல் செய்யும் போர்ட் எண்ணில் காத்திருக்க விடுங்கள். கேட்வே டயல் செய்து லைன் வந்ததும் அங்கே ஓர் எழுத்தைத் தட்டி என்டர் அடியுங்கள். எழுத்து ஊர் வரை போய், வயரைச் சுற்றி, உங்களிடமே திரும்பி வரும். கேட்வே போட்ட லைனில் சர்வரிலிருந்து கமாண்ட் எப்படிப் போகும் என்று கேட்டவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

ஆர்எஸ்-485-க்கு இந்த வயர் வித்தை செல்லாது, அங்கே உண்மையான மீட்டரே வேண்டும். அப்புறம், சோதனையின்போது கேட்வே "டேட்டா வந்தால் இணை" என்பதில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்த்துக் கட்டிய இரண்டு பின்களும் தாமாகப் பேசத் தொடங்காது.